அந்நிய அக்கினி



உண்பதைக் குறைக்க வேண்டாம், நடக்க வேண்டாம், படுத்திருக்கும்போதே கொழுப்பு கரையும் என்று உறுதி கூறும் விளம்பரங்கள் இப்போது நம் கைப்பேசிகளில் நாள்தோறும் வந்து விழுகின்றன. "மெட்டபாலிசத்தைக் கூட்டும்" என்பதே அவற்றில் பலவும் சொல்லும் வாக்கு. வேதபாடம் முடிந்தபின் நம் வாலிபர் சிலர் என்னிடம் கேட்டார்கள்: "ஐயா, அப்படி ஒரு மருந்து உண்மையிலேயே உண்டா? உண்டென்றால் விசுவாசிகள் அதை எடுத்துக்கொள்ளலாமா?"

கேட்க வேண்டிய கேள்விதான். நான் மருத்துவன் அல்லன். எனினும் இக்கேள்விக்குத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அது மருத்துவ நூல்களில் பதிவாகியிருக்கிறது. அந்த வரலாற்றை அறிந்துகொண்டால் பதிலும் தானே விளங்கும். ஆகவே இந்த வாரம் அதையே உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் அந்தச் சொல்லின் பொருளைப் பார்ப்போம். மெட்டபாலிசம் என்பதை நம் பிள்ளைகளின் பாடநூல்கள் வளர்சிதை மாற்றம் என்கின்றன. உண்ட உணவை உடைத்து, அதிலுள்ள ஆற்றலை எடுத்து, இதயத்துடிப்புக்கும் மூச்சுக்கும் சிந்தனைக்கும் நடைக்கும் பங்கிட்டுக் கொடுக்கும் வேலை அது. அசையாமல் படுத்திருந்தாலும், நடுத்தர உடல்வாகுள்ள ஒருவரின் சரீரம் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1,400 முதல் 1,700 கிலோகலோரி வரை செலவிடுகிறது. முன்பு நம் வீடுகளில் எரிந்த 75 வாட் குண்டு பல்பு ஒன்று இரவும் பகலும் அணையாமல் எரிந்தால் எவ்வளவு ஆற்றல் செலவாகுமோ, கிட்டத்தட்ட அவ்வளவு.

அப்படியானால் நமக்குள் ஓர் அக்கினி எரிந்துகொண்டிருக்கிறது. எரிந்தும் நாம் வெந்துபோவதில்லை. வெளியே சித்திரை வெயில் 40 பாகையைத் தாண்டினாலும், மார்கழிப் பனி இறங்கினாலும், உள்ளே வெப்பம் 37 பாகையை ஒட்டியே நிற்கிறது. ஓரேப் மலையில் எரிந்தும் வெந்துபோகாத முட்செடியை மோசே கண்டான். அந்த அதிசயத்தைப் பார்க்கவே வழியை விட்டு விலகி வந்தான். நாமோ அதைப்போன்ற ஒரு செடியாகவே தினமும் நடமாடுகிறோம், நின்று பார்ப்பதில்லை.

இந்த அக்கினி எப்படிக் கட்டுக்குள் நிற்கிறது? நம் விழுப்புரம் மாவட்டம் ஏரிப்பாசனத்தை நம்பி வாழ்ந்த மாவட்டம். ஆகையால் ஏரியைக் கொண்டே இதை விளக்கலாம். நம் உயிரணுக்களுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்னும் நுண்ணிய உறுப்புகள் உள்ளன. உணவிலிருந்து கிடைக்கும் ஆற்றலைக் கொண்டு அவை புரோட்டான்கள் என்னும் நுண்துகள்களை ஒரு மெல்லிய சவ்வின் ஒருபக்கத்தில் தேக்குகின்றன. கரைக்குள் நீர் தேங்குவது போன்றது அது. தேங்கியவை அதற்கென்று வைக்கப்பட்ட ஒரு மதகின் வழியாகத் திரும்பும்போது ஏடிபி என்னும் சேர்மம் உருவாகிறது. சரீரம் செய்யும் வேலைகளுக்கெல்லாம் கூலி அதுவே. இந்த ஏற்பாட்டைப் பீட்டர் மிட்செல் என்னும் ஆங்கிலேய அறிவியலாளர் 1961இல் எடுத்துரைத்தார். 1978இல் அதற்காக அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஏரிக்கரையில் நண்டு வளை விழுந்தால் என்ன ஆகும் என்பதை உங்களில் உழவர்களாயிருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீர் கசிந்து வெளியேறும். ஒரு வயலும் நனையாது. ஏரியை அதே மட்டத்தில் வைத்திருக்க வேண்டுமானால் மேலும் மேலும் நீரைக் கொண்டுவந்து கொட்ட வேண்டும். அந்தச் சவ்விலும் அப்படி ஓட்டை விழச் செய்யும் சேர்மங்கள் உண்டு. தேங்கிய ஆற்றல் மதகை அடையாமல் வெறும் வெப்பமாகக் கசிந்துவிடும். இழப்பை ஈடுகட்டச் சரீரம் தன் கொழுப்பை அள்ளி அள்ளி எரிக்கும். எடை குறையும். மெட்டபாலிசத்தைக் கூட்டும் மருந்துகளில் மிகவும் வலுவானவை செய்யும் வேலை இதுதான்.

வாலிபர்களின் முதல் கேள்விக்கு இங்கேயே பதில் கிடைத்துவிடுகிறது. ஆம், அப்படிப்பட்ட மருந்து உண்டு. அது வேலையும் செய்யும். அதன் பெயர் டைநைட்ரோபீனால்.

முதல் உலகப் போரின்போது பிரான்சு நாட்டு வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் இந்த மஞ்சள் நிறத் தூளைக் கையாண்ட தொழிலாளர்கள் வியர்த்துக் கொட்டினார்கள், இளைத்தார்கள். காய்ச்சல் ஏறிச் சிலர் மாண்டும் போனார்கள். 1933இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மாரிஸ் டெயின்டர், வின்ட்சர் கட்டிங் ஆகியோர் இதே பொருளைக் குறைந்த அளவில் பருமனானவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சரீரம் ஆற்றலைச் செலவிடும் வேகம் ஏறத்தாழ ஒன்றரை மடங்காயிற்று. எடை வாரந்தோறும் இறங்கியது. செய்தி பரவியது. அடுத்த ஆண்டுக்குள் அமெரிக்காவில் குறைந்தது 1 லட்சம் பேராவது அதை உட்கொண்டிருப்பார்கள் என்று டெயின்டரே மதிப்பிட்டார்.

பிறகு வந்தவை வேறுவிதச் செய்திகள். தோலில் தடிப்பு, நாவில் சுவையின்மை. இளம் வயதுப் பெண்களின் கண்களில் முதியோருக்கு வருவது போன்ற கண்புரை வந்து பார்வை மறைந்தது. சிலருக்கு உடல் வெப்பம் இறங்காமல் ஏறிக்கொண்டே போய் உயிர் பிரிந்தது. 1938இல் அந்நாட்டில் புதிய உணவு, மருந்துச் சட்டம் நிறைவேறியதும், இது மனிதர் உட்கொள்ளத் தகாத பேராபத்தான பொருள் என்று விலக்கப்பட்டது.

ஏன் அப்படி ஆயிற்று என்பதைக் கவனியுங்கள். அந்தச் சேர்மத்துக்கு இடுப்புக் கொழுப்பு எது, இதயத்தசை எது என்ற வேறுபாடு தெரியாது. எல்லா உயிரணுக்களிலும் கரையை ஒருசேரத் துளைக்கும். பலன் தரும் அளவுக்கும் கொல்லும் அளவுக்கும் இடையே உள்ள தூரம் மிகக் குறைவு. உட்கொண்டபின் அதை முறிக்கும் மாற்றுமருந்து இல்லை. நமக்குச் சாதாரணமாக வரும் காய்ச்சல், மூளை தானே உயர்த்திக்கொள்ளும் வெப்பம். ஆகையால் மாத்திரை கொடுத்தால் மூளை இணங்கி இறக்குகிறது. இந்த வெப்பமோ மூளையின் கட்டளையால் வந்ததன்று. அடுப்பே கட்டுமீறி எரிகிறது. காய்ச்சல் மாத்திரை அங்கே செல்லாது.

லேவியராகமத்தில் ஆரோனின் குமாரர் நாதாப், அபியூ என்பவர்களின் நிகழ்ச்சியை நீங்கள் அறிவீர்கள். கட்டளையிடப்படாத அந்நிய அக்கினியைத் தூபகலசங்களில் கொண்டுவந்தார்கள், அக்கினியாலேயே மாண்டார்கள். அந்த வேதபகுதிக்கு ஆழ்ந்த பொருள் உண்டு. அதை உணவுமுறைப் பாடமாகச் சுருக்க நான் துணியவில்லை. ஆனால் இந்த வரலாற்றைப் படித்தபோது அந்தச் சொல்லே என் நினைவுக்கு வந்தது. சரீரத்தை ஆலயம் என்று நம்புகிற நாம், அந்த ஆலயத்துக்குள் எந்த அக்கினியைக் கொண்டுபோகிறோம் என்று கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும்.

1938இல் கதை முடிந்துவிட்டதென்று எண்ணாதிருங்கள். இணையவழி விற்பனை வந்தபின் அதே மஞ்சள் தூள் குப்பியிலும் குளிகையிலும் அடைபட்டு மறுபடியும் உலகைச் சுற்றியது. இங்கிலாந்தில் இளைஞர்கள் மாண்டார்கள். 2023 அக்டோபர் முதல் அந்நாட்டு அரசு அதை விஷப் பொருள்களுக்கான சட்டத்தின்கீழ் கொண்டுவந்து, உரிமம் இல்லாமல் பொதுமக்கள் வாங்கவும் வைத்திருக்கவும் தடை செய்திருக்கிறது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாவிட்டால் நான் நேர்மையாக எழுதியவனாகமாட்டேன். கரையைத் துளைப்பது வேறு. கலிங்கு கட்டுவது வேறு. ஏரி நிரம்பினால் உபரிநீர் தானே வழிந்து போவதற்குப் பெரியோர் கலிங்கு வைத்தார்கள் அல்லவா? நம் சரீரத்திலும் அப்படி ஒன்று உண்டு. பிறந்த குழந்தையின் தோள்பட்டைகளுக்கு நடுவே பழுப்புக் கொழுப்பு என்னும் ஒருவகைக் கொழுப்பு இருக்கிறது. குளிர்ந்தால் உடல் நடுங்கி வெப்பம் உண்டாக்கிக்கொள்ளப் பச்சிளங்குழந்தைக்குத் தெரியாது. எனவே அந்தப் பழுப்புக் கொழுப்பிலுள்ள ஒரு புரதம் தேவையான நேரத்தில் தேவையான அளவு மட்டும் ஆற்றலைக் கசியவிட்டு வெப்பமாக்கிப் பிள்ளையைக் காக்கிறது. இக்கொழுப்பு பெரியவர்கள் பலரிடத்திலும் சிறிதளவு எஞ்சி வேலை செய்கிறது என்பது 2009இல் வெளியான ஆய்வுகளால் உறுதியாயிற்று. சிருஷ்டிகர் வைத்த கசிவு அது. அதற்குக் காவலும் உண்டு, அளவும் உண்டு.

அந்தக் காவலையும் அளவையும் மருந்தில் கொண்டுவர முடியுமா என்றுதான் இன்றைய ஆய்வாளர்கள் முயல்கிறார்கள். பாம் 15 என்னும் சேர்மம், கொழுப்பு மிகுந்த தீனி கொடுத்த எலிகளை உடல் வெப்பம் ஏறாமலேயே எடை கூடாமல் காத்தது என்று 2020இல் ஓர் ஆய்வு வெளியானது. எச்.யு.6 என்னும் மற்றொன்று, உடலுக்குள் சென்றபின் மெல்ல மெல்ல டைநைட்ரோபீனாலாக மாறும்படி அமைக்கப்பட்டது. 80 பேரிடம் நடந்த சோதனையில் ஈரலில் படிந்த கொழுப்பு குறைந்ததாக 2023இல் அறிவித்தார்கள். இவை நாளை ஒருவேளை பலருக்கு நன்மையாய் முடியலாம். அப்படி முடிந்தால் ஆண்டவருக்கு நன்றி சொல்வோம். ஆனால் ஆய்வுக்கூடத்தில் இரத்தப் பரிசோதனையும் மருத்துவரும் அருகிருக்க ஒருவருக்குக் கொடுக்கப்படுவது ஒன்று. அதே பெயரைச் சொல்லி யாரோ தபாலில் அனுப்பும் குப்பி முற்றிலும் வேறொன்று.

இனி நம் மண்ணுக்கு அருகில் வருவோம். விழுப்புரத்திலிருந்து உளுந்தூர்பேட்டை, கள்ளக்குறிச்சி, சின்னசேலம் தாண்டிச் சென்றால் சேலம் மாவட்டத்து ஆத்தூர். அந்த வட்டாரத்தில் மருந்துக்கூர்க்கன் என்னும் செடியைக் கிழங்குக்காகப் பயிரிடுகிறார்கள். அதன் வேரில் உள்ள போர்ஸ்கோலின் என்னும் சேர்மத்தை 1970களில் மும்பையில் இயங்கிய ஹெக்ஸ்ட் நிறுவனத்தின் ஆய்வகம் பிரித்தெடுத்தது. லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையமும் அதே சேர்மத்தைத் தனியே கண்டறிந்தது. இரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் மருந்து தேடப்போய்க் கிடைத்த பொருள் அது. உயிரணுவுக்குள் கொழுப்பைக் கரைக்கும்படி சொல்லும் சமிக்ஞையை அது உயர்த்துகிறது என்று தெரிந்ததும், எடைக் குறைப்புக் குளிகையாக வெளிநாட்டுக் கடைகளில் ஏறியது. 2014இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் டாக்டர் ஆஸ் என்பவர் அதைப் புகழ்ந்தார். நம் கேரளத்துக் குடம்புளியின் சாற்றையும் அவர் அதற்கு முன்பே புகழ்ந்திருந்தார். அந்த ஆண்டு ஜூன் மாதம் அந்நாட்டு செனட் குழுவினர் அவரை வரவழைத்து, இப்படிப்பட்ட வார்த்தைகளைப் பற்றிக் கடுமையாகக் கேள்வி கேட்டார்கள்.

உண்மையில் கிடைத்த பலன் என்ன? 2005இல் 23 பெண்களிடம் 12 வாரம் நடந்த ஆய்வில் கூர்க்கன் சாறு எடையைக் குறைக்கவில்லை. கூடுவதைச் சற்றுத் தடுத்திருக்கலாம் என்ற அளவோடு ஆய்வாளர்கள் நின்றார்கள். அதே ஆண்டு 30 ஆண்களிடம் நடந்த இன்னோர் ஆய்வில் கொழுப்பின் பங்கு சிறிது குறைந்தது; எடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. குடம்புளியின் அமிலத்தை 1998இல் 135 பேரிடம் சோதித்தபோது, வெற்று மாத்திரை உண்டவர்களைவிட அவர்கள் அதிகம் இளைத்துவிடவில்லை. ஆத்தூர் வயலில் குனிந்து கிழங்கு தோண்டுகிற பெண்ணின் கொழுப்பை அந்த உழைப்பே கரைத்துவிடுகிறது. அவள் தோண்டியது கடல் கடந்து போய், உழைக்காமல் இளைக்கலாம் என்று ஒருவருக்கு ஆசை காட்டுகிறது.

ஆக, இரண்டு வகை நமக்கு முன் நிற்கின்றன.  மென்மையானவை பணத்தைக் கரைக்கும் அளவுக்குக் கொழுப்பைக் கரைப்பதில்லை. வலுவானவை கொழுப்பைக் கரைக்கும், அதோடு நிற்காது. எபெட்ரா என்னும் செடியின் சாறு கலந்த குளிகைகளை, மாரடைப்பும் பக்கவாதமும் மரணமும் நேர்ந்தபின், 2004இல் அமெரிக்கா தடை செய்தது. நம் இந்திய அரசும் எடைக் குறைப்புக்கென வந்த ரிமோனபன்ட்டை 2009இலும், சிபுட்ரமினை 2011இலும் தடை செய்தது. முன்னது மனத்தைப் பாதித்தது; பின்னது இதயத்தைப் பாதித்தது.

2025இல் நம் நாட்டுக்கு வந்த மவுஞ்சாரோ, வீகோவி போன்ற ஊசிமருந்துகளையும் இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அவை உள்ளிருக்கும் நெருப்பைக் கூட்டுவதில்லை; பசியை அடக்குகின்றன. சர்க்கரை நோயும் மிகுந்த பருமனும் உள்ளவர்களுக்கு மருத்துவர் ஆராய்ந்து எழுதிக் கொடுத்தால் அவற்றுக்கும் இடம் உண்டு. மருத்துவரைக் கேளாமல் வாங்கிப் போட்டுக்கொள்ளும் பொருள் அவையும் அல்ல.

இப்போது நம் சபையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அந்தப் பெண்ணும் பெற்றோரும் அனுமதித்ததனாலேயே எழுதுகிறேன். நம் பாடகர் குழுவில் பாடுகிற ஒரு மகள். பெண் பார்க்க வந்தவர்கள், பெண் நல்ல பெண்தான், சற்றுப் பருமன் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவளுடைய தாயாருக்குத் தைராய்டு சுரப்பி குறைவாக வேலை செய்வதால் தினமும் காலையில் ஒரு மாத்திரை எடுக்கிறார். அந்த மாத்திரை மெட்டபாலிசத்தைக் கூட்டும் என்று எங்கோ படித்த மகள், தாய் அறியாமல் அதை எடுத்து விழுங்கத் தொடங்கினாள். நாளுக்கு ஒன்று, பிறகு இரண்டு, பிறகு மூன்று. எடை இறங்கியது. பார்த்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள். அவள் மேலும் கூட்டினாள். தூக்கம் போயிற்று. பாட்டுப் புத்தகம் பிடித்த கை நடுங்கியது. ஓர் இரவு நெஞ்சு படபடத்து நிற்காமல் போகவே, தகப்பனார் அவளை மருத்துவமனைக்குக் கொண்டு ஓடினார்.

தைராக்ஸின் எத்தனையோ பேருக்கு உயிர் காக்கும் மருந்து. சுரப்பி குறைந்தவருக்கு அது குறைவை நிரப்புகிறது. குறைவில்லாதவருக்கு அது கூடுதல் நெருப்பு. கொழுப்போடு தசையையும் எலும்பையும் கரைக்கும், இதயத்தின் தாளத்தைக் குலைக்கும். எடை குறைக்க இதைப் பயன்படுத்தக்கூடாது என்ற எச்சரிக்கையை அமெரிக்காவில் மருந்தின் தகவல் தாளிலேயே கட்டம் கட்டி அச்சிடுகிறார்கள். அந்த மகள் பிழைத்தாள், இப்போது நலமாயிருக்கிறாள். ஆனால் அன்றிரவு மருத்துவமனை வராந்தாவில் அவளுடைய தாயார் என்னிடம் சொன்ன ஒரு வார்த்தை என்னை விட்டுப் போகவில்லை: "ஐயா, அவள் மாத்திரை முழுங்கினது ஒரு மாசம். நாம எல்லாரும் அவளை 'குண்டு'ன்னு சொன்னது பத்து வருஷம்."

பிரியமானவர்களே, இக்கட்டுரை எழுத எழுத என் மனம் அங்கேயே வந்து நிற்கிறது. சேர்மங்களின் ஆபத்தைச் சொல்ல மருத்துவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஒரு பிள்ளை ஏன் அந்தக் குப்பியைத் தேடிப் போகிறாள் என்பது நமக்குத் தெரியும். ஏனென்றால் அவளை அங்கே அனுப்புவது பல சமயம் நாம்தான். ஆராதனை முடிந்து வெளியே வருகிறோம். தேநீர் கையில் வருமுன்னே, "என்னம்மா, ஒரு சுற்றுப் பெருத்துவிட்டாயே" என்கிறோம். மெலிந்து வந்தால், "என்ன, உடம்புக்கு ஏதாவதா?" என்கிறோம். அன்பினால்தான் கேட்கிறோம் என்று நினைத்துக்கொள்கிறோம். கேட்பவருக்கு அது ஒரு நொடிச் சொல். சுமப்பவருக்கோ அது இரவெல்லாம் புரளச் செய்யும் பாரம். நாவும் ஒரு நெருப்பு என்பதை யாக்கோபின் நிருபத்தில் நாம் படித்திருக்கிறோம். அந்த நெருப்பே சிலரை இந்த நெருப்புக்குள் தள்ளுகிறது.

இதனால் பருமனைப் பற்றிக் கவலையே வேண்டாம் என்று நான் சொல்வதாகக் கொள்ளாதிருங்கள். 2019 முதல் 2021 வரை எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, நம் தமிழ்நாட்டில் 100 பெண்களுக்கு 40 பேரும் 100 ஆண்களுக்கு 37 பேரும் அளவுக்கு மிஞ்சிய எடையுள்ளவர்கள். சர்க்கரை நோயும் இரத்தக் கொதிப்பும் இல்லாத வீட்டை நம் சபையில் நான் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதே வேளையில், கண்ணுக்குத் தெரியும் பருமன் மட்டுமே அளவுகோல் அல்ல. புனே நகரத்து மருத்துவர் யாஜ்னிக், தம் ஆங்கிலேய நண்பர் மருத்துவர் யட்கினோடு தம்மையே ஒப்பிட்டு 2004இல் ஒரு படம் வெளியிட்டார். உயரத்துக்கும் எடைக்கும் உள்ள விகிதம் இருவருக்கும் ஒன்றே, 22.3. ஆனால் ஆங்கிலேயரின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, இந்தியரின் உடலில் 21.2 விழுக்காடு. ஒல்லியாய்த் தோன்றும் நம்மவர்களுக்குள்ளும் கொழுப்பு ஒளிந்திருக்கலாம். ஆகையால் பிறரைப் பார்த்துப் பருமன் என்று சொல்கிறவர் முதலில் தம் இரத்தத்தைப் பரிசோதித்துக்கொள்வது நல்லது.

மருந்தையே வெறுக்கும்படியும் நான் எழுதவில்லை. திண்டிவனத்தில் உள்ள நம் சபையாருக்கு இதை நான் நினைவூட்ட வேண்டியதில்லை. 1890களின் தொடக்கத்தில், அந்த ஊரில் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவ வேதனையில் இருந்தார்கள். ஆண் மருத்துவர் தொடக்கூடாதென்று வீட்டார் மறுத்தார்கள். மருத்துவம் படிக்காத இளம்பெண் ஐடா ஸ்கடரால் ஒன்றும் செய்ய இயலவில்லை. விடியுமுன் மூவரும் இறந்தார்கள். அந்த இரவுதான் அவரை மருத்துவராக்கியது. அந்த இரவிலிருந்துதான் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி முளைத்தது. தேவையிருந்தும் மருந்து எட்டாமல் பெண்கள் மாண்ட ஊர் அது. அதே ஊரின் பேத்திகள், தேவையில்லாத மருந்தை ஊரார் பேச்சுக்கு அஞ்சி ஒளித்து விழுங்கலாமா? மருத்துவத்தை மதிக்கிறவர்கள் அதை அதன் இடத்தில் வைத்து மதிக்க வேண்டும்.

லெந்து நாட்களில் பலர் தானியேல் உபவாசம் என்று சொல்லிப் பருப்பும் காய்கறியும் மட்டும் உண்டு எடை குறைக்கிறார்கள். நல்ல உணவுதான். ஆயினும் அந்த அதிகாரத்தைக் கவனமாகப் படித்துப் பாருங்கள். பத்து நாள் சோதனை. ஒரு பக்கம் ராஜபோஜனம், மறு பக்கம் பருப்பும் தண்ணீரும். முடிவில் தானியேலும் தோழர்களும் இளைத்துப் போனார்கள் என்று அங்கே எழுதியிருக்கவில்லை. மற்ற வாலிபரைவிட முகக்களையோடும் சதைப்பிடிப்போடும் இருந்தார்கள் என்பதே அங்கே நாம் காண்பது. மெலிவை அல்ல, நலத்தையே அந்த விசாரிப்புக்காரன் பார்த்தான். நாமும் அதையே பார்க்கக் கற்றுக்கொள்வோம்.

ஆகவே வாலிபர்களின் இரண்டாம் கேள்விக்கு என் பதில் இது. பெயர் தெரியாத குப்பி, கைப்பேசியில் வந்த தூள், பக்கத்து வீட்டுக்காரரின் மாத்திரை, பெற்றோரின் மாத்திரை, இவற்றில் எதையும் எடை குறைக்க உட்கொள்ளாதிருங்கள். ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தால், வெட்கப்படாமல் அந்தக் குப்பியையே கையில் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். முண்டியம்பாக்கத்தில் நமக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையே இருக்கிறது. தனியே போகத் தயக்கமாயிருந்தால் என்னையோ என் மனைவியையோ அழையுங்கள். கூட வருவோம், யாரிடமும் சொல்லமாட்டோம். வீட்டில் தைராய்டு மாத்திரை இருந்தால் எண்ணி வையுங்கள்.

நமக்குள் எரியும் அக்கினியைச் சரியாகத் தூண்டும் வழி ஒன்று உண்டு. அது பழைய வழி. தசை வேலை செய்யும்போது சரீரம் தானே வேகத்தைக் கூட்டிக்கொள்ளும், வேலை முடிந்ததும் தானே குறைத்துக்கொள்ளும். ஒரு கிலோ கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கிலோகலோரி அடங்கியிருக்கிறது; ஒரு மணி நேர நடையில் 250 அளவுதான் செலவாகும். கணக்குப் பார்த்தால் மெதுவான வழிதான். ஆனால் இந்த வழியில் யாருக்கும் கண்புரை வந்ததில்லை. 2023 நவம்பரில் அரசு தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தின்படி மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை குறிக்கப்பட்டிருக்கிறது. வருகிற சனிக்கிழமை முதல் காலை ஐந்தரை மணிக்கு ஆலய வளாகத்திலிருந்து நாம் சேர்ந்து நடக்கத் தொடங்குவோம். முழங்கால் வலி உள்ளவர்கள் முடிந்த தூரம் வந்தால் போதும். யாரும் எடை பார்க்கமாட்டோம். யாருடைய எடையையும் கேட்கமாட்டோம்.

ஞாயிறு ஆராதனைக்குப்பின் எண்ணெய்ப் பலகாரத்துக்குப் பதிலாக அவித்த வேர்க்கடலை கொடுக்கலாம் என்று பெண்கள் ஐக்கியத்தார் யோசனை சொன்னார்கள். நல்ல யோசனை. வேர்க்கடலை ரகங்களில் டி.எம்.வி. என்று தொடங்கும் பெயர்களைப் பார்த்திருப்பீர்கள்; அந்த மூன்று எழுத்தும் திண்டிவனத்தையே குறிக்கின்றன. அங்குள்ள ஆராய்ச்சி நிலையத்தின் உழைப்பு நம் வயல்களில் விளைகிறது. நம் மண்ணின் கொடையை நன்றியோடு, அளவோடு உண்போம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். வரும் ஞாயிறு ஆலயத்தில் ஒருவரையொருவர் சந்திக்கும்போது, உடல்வாகைப் பற்றி ஒரு சொல்லும் பேசாதிருப்போம். "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டு, பதில் சொல்லி முடிக்கும்வரை நின்று கேட்போம். பிள்ளைகள் கண்ணாடியில் தங்களைக் காணும்போது ஊராரின் கண்களால் காணாமல், தங்களைப் படைத்தவருடைய கண்களால் காணும்படி அது உதவும்.

எரிந்தும் வெந்துபோகாத அந்தச் சுடரை உங்கள் ஒவ்வொருவருக்குள்ளும் ஏற்றி வைத்தவர், அது அணையாதபடிக்கும் மிஞ்சாதபடிக்கும் காப்பாராக. ஆமென்.

உங்களுக்காக ஜெபிக்கும்,
உங்கள் போதகர்